நாலு மாசத்துல பிரிண்டிங் யூனிட் ஓடணும்: திட்ட மேலாண்மையை எங்கிருந்து ஆரம்பிக்கறது?

9 ஜூன் 2024, காலை (கேள்வி)

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சன்டைசரா (ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசி வரை ஃபாலோ பண்ற வேலை) மூணு வருஷமா இருக்கேன். ஓனர் புதுசா பிரிண்டிங் யூனிட் போடறார். பின்னாடி இருக்கற காலி இடத்துல ஷெட் போட்டு, மெஷின் இறக்கி, அக்டோபர் முதல் வாரம் ஓடணுமாம். "நீயே பாத்துக்கோ"ன்னுட்டார். புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டை அடிப்படையிலிருந்து கத்துக்கணும். எம்.எஸ். புராஜெக்ட் சாஃப்ட்வேர் தெரிஞ்சா போதுமா, இல்ல பி.எம்.பி.ங்கற சான்றிதழ் பரீட்சை எழுதணுமா? அதெல்லாம் ஐ.டி.க்காரங்களுக்குத்தான்னு பாதிப் பேர் சொல்றாங்க. அண்ணன்மார் யாராச்சும் சொல்லுங்க.

9 ஜூன், இரவு (பதில்)

மூன்று வருஷமாக டி.என்.ஏ. ஷீட் (ஆர்டரின் ஒவ்வொரு வேலைக்கும் தேதி போடுகிற அட்டவணை) நிரப்புகிறீர்கள் அல்லவா, தம்பி? லேப் டிப் (சாய நிற மாதிரி) எப்போது போகணும், ஃபிட் சாம்பிள் எப்போது ஓகே ஆகணும், துணி எப்போது கட்டிங்குக்கு இறங்கணும். அந்த டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்தான் நீங்கள் கேட்கும் அடிப்படை. ஆனால் ஆர்டர் என்பது திரும்பத் திரும்ப வரும் வேலை. டையிங்குக்கு எத்தனை நாள் என்று சந்தேகம் வந்தால் போன சீசன் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிடலாம். புது யூனிட்டுக்குப் பழைய ஃபைல் கிடையாது. அதனால்தான் பயமாக இருக்கிறது, அந்தப் பயம் சரியானதுதான்.

சாஃப்ட்வேர் வேண்டாம். ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். வலது ஓரத்தில் "முதல் பீஸ் பிரிண்ட் ஆகி வெளியே வந்தது" என்று எழுதுங்கள். அதற்கு முந்தின நாள் என்னென்ன தயாராக இருந்திருக்கணும்? மெஷின், க்யூரிங் அவன் (பிரிண்டைச் சூட்டில் பதிய வைக்கும் அடுப்பு), எக்ஸ்போசிங் ரூம் (பிரிண்ட் ஸ்கிரீன் தயாரிக்கும் அறை), இங்க், ஆட்கள், கரன்ட், தண்ணீர், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி. இனி ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி: இது யாருக்காகக் காத்திருக்கிறது? பதிலை அதன் இடது பக்கம் எழுதி அம்புக்குறி போடுங்கள். அப்படியே இன்றைய தேதி வரை பின்னால் வாருங்கள்.

பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேலை மெதுவாக நடந்து தேதி தவறியதை விட, வேலை யாருக்காகவோ சும்மா காத்துக் கிடந்து தேதி தவறியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

10 ஜூன்

"சாஃப்ட்வேர் வேண்டாம்" என்றதற்கு இரண்டு பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். நான் சொன்னது முதல் வாரத்துக்கு. வேலைகள் நாற்பது, ஐம்பது என்று போய், ஒரு தேதி நகர்ந்தால் எது எது நகரும் என்று கையால் கணக்குப் போட முடியாமல் போகும்போது எக்செல்லோ வேறு எதுவோ வைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் முதலிலேயே கணினியில் ஏற்றினால், பொய்யான தேதிகள் கலர் கலராக வரும். ஓனருக்கு அதைப் பார்த்தால் நம்பிக்கை வேறு வந்துவிடும்.

13 ஜூன்

"கிரிட்டிக்கல் பாத்னா என்னங்கண்ணா, தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

24,000 பீஸ், குழந்தைகள் டி-ஷர்ட், கையில் 65 நாள். நூல் வர 7 நாள், நிட்டிங் 8, டையிங் 12, காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது) 3, கட்டிங் 4, பிரிண்டிங் 6, தையல் 14, செக்கிங்–அயர்னிங்–பேக்கிங் 7, இன்ஸ்பெக்‌ஷன் 2. கூட்டினால் 63. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்பதால் இதில் எங்கே ஒரு நாள் போனாலும் மொத்தத்தில் ஒரு நாள் போகும். இந்தச் சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத். உயிர்ப்பாதை என்று நான் சொல்வேன்.

லேப் டிப் ஓகே வாங்க 10 நாள். அது நூலும் நிட்டிங்கும் நடக்கும்போதே பக்கத்தில் நடக்கிறது. டையிங் தொடங்குவது 15 நாள் கழிந்த பிறகு. ஆகவே லேப் டிப்புக்கு 5 நாள் ஓய்வு இருக்கிறது. பையர் (ஆர்டர் கொடுத்தவர்) மூன்று நாள் தாமதமாக ஓகே சொன்னாலும் யாரும் பதற வேண்டியதில்லை. எங்கே பதறணும், எங்கே பதற வேண்டாம் என்று தெரிவதற்குத்தான் இந்தக் கணக்கு. எல்லாத் தாமதத்துக்கும் ஒரே மாதிரி கத்துகிற மேனேஜர் சொல்வதை நாலாவது நாள் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

13 ஜூன், பத்தரை மணி

மேலே எழுதியதில் லேபிளை விட்டுவிட்டேன். அதை விடக் கூடாது, ஏனென்றால் நான் அடிபட்ட இடம் அதுதான்.

மெயின் லேபிள் பையர் சொன்ன சப்ளையரிடமிருந்துதான் வரணும். பி.ஓ. (வாங்குவதற்கான ஆர்டர்) போட்டு 28 நாள். தையலுக்கு ஏறுவது 40 நாள் கழித்து (7+8+12+3+4+6). ஆக 12 நாள் ஓய்வு இருக்கிறது, கவலை இல்லாத ஐட்டம் என்று தோன்றும். ஏறக்குறைய இதே அளவு ஆர்டர் ஒன்றில், பையர் ஆர்ட்வொர்க் அனுப்பட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் கேட்டால் அனுப்பலாம் என்று பையர் ஆபீஸில் காத்திருந்தார்கள். இருபதாம் நாள்தான் இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்தது. 20+28=48. பிரிண்ட் ஆன பீஸ்கள் கட்டுக் கட்டாகக் கிடக்க, எட்டு நாள் லைன் லேபிளுக்காக உட்கார்ந்திருந்தது. 63 நாள் 71 ஆகிவிட்டது. கப்பல் தவறிப் பாதிச் சரக்கை விமானத்தில் ஏற்றினோம். அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

ஓய்வு தீர்ந்த அன்றைக்கே லேபிள்தான் உயிர்ப்பாதை ஆகிவிட்டது. பாதை ஒரே இடத்தில் நிற்காது, தம்பி. வாரம் ஒரு தடவை புதிதாகக் கணக்குப் போட்டால்தான் அது தெரியும்.

14 ஜூன்

தையல் யூனிட் நடத்துகிற அக்கா ஒருவர் சரியாகப் பிடித்தார்: "பிரிண்ட் பூரா முடியற வரைக்கும் யாருங்க தையலுக்குக் காத்திருப்பாங்க? முதல் லாட் வந்ததுமே லைன்ல ஏத்திருவோமே."

உண்மை. 63 என்பது பாடத்துக்காக நான் நீட்டிப் போட்ட கணக்கு. லாட் லாட்டாக ஓட்டினால் குறையும். ஆனால் அக்கா, இதையும் பாருங்கள். தையலை நாலு நாள் முன்னால் இழுத்தால் லேபிளும் நாலு நாள் முன்னால் வந்தாகணும். அதன் ஓய்வு 12-லிருந்து 8 ஆகிவிடும். ஒரு பாதையைச் சுருக்கும்போது பக்கத்துப் பாதைகளின் ஓய்வைச் சாப்பிடுகிறோம். வேகப்படுத்திய ஆர்டர்களில்தான் பட்டன், பாலிபேக், பார்கோடு ஸ்டிக்கர் மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு வேலை நிற்கிறது என்று ரொம்ப நாள் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் இதுதான்.

17 ஜூன்

இதைக் கண்டுபிடித்தது யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த கதை.

உயிர்ப்பாதைக் கணக்கு 1957-ல் அமெரிக்காவில் டூபான்ட் ரசாயனக் கம்பெனியில் பிறந்தது. அங்கே மோர்கன் வாக்கர், கணினி செய்த ரெமிங்டன் ராண்டில் ஜேம்ஸ் கெல்லி, இவர்கள் இருவர் செய்த வேலை. ரசாயன ஆலை கட்டுவதற்கும், ஓடுகிற ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தினால் சீக்கிரம் திரும்ப ஓட்டுவதற்கும் பயன்பட்டது. ஆக, மென்பொருள் எழுதுவோருக்காகப் பிறந்த பாடம் இல்லை இது. ஷெட், மெஷின், பைப் லைன், இதுகளுக்காகவே பிறந்தது. "ஐ.டி.க்காரங்களுக்குத்தான்" என்பவர்களிடம் சொல்லுங்கள்.

1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. கிடைக்கோடுகளாகத் தேதி போடுகிற கான்ட் சார்ட் இன்னும் பழையது, ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் வழங்குகிறது. அவருக்கும் முன்னால் 1896-லேயே போலந்துக்காரர் கரோல் அடாமியெட்ஸ்கி அதே மாதிரி ஒரு வரைபடம் போட்டிருந்தார். தன் மொழியில் எழுதியதால் வெளியே தெரிய வெகுகாலம் ஆனது. தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

22 ஜூன்

தேதி கேட்பது எப்படி? நான் மெதுவாகக் கற்றுக்கொண்டது இது.

"எப்ப முடியும்?" என்று கேட்டால் "வெள்ளிக்கிழமை முடிஞ்சுரும்ங்க" என்று வரும். அது தேதி இல்லை, மரியாதை. உங்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று சொல்கிற வார்த்தை. அவரைப் பொய்யர் என்று நினைக்காதீர்கள். நம் கேள்வியை மாற்றணும். "எதெல்லாம் நடந்தா வெள்ளிக்கிழமை முடியாதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சாயப்பட்டறை மேனேஜர் ஒருவரிடம் முதல் முறை இப்படிக் கேட்டபோது அரை மணி நேரம் பேசினார். பாய்லர், ஷேட் ஒத்துவராமல் திரும்பப் போடுவது, எங்களுக்கு முன்னால் நிற்கிற பெரிய பார்ட்டியின் லாட், எல்லாம் சொன்னார். கடைசியில், "இத்தன வருஷத்துல யாரும் இத எங்கிட்டக் கேட்டதில்லீங்க" என்றார்.

பெர்ட் முறையிலும் இதுதான். மூன்று எண் கேட்கணும்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக, எல்லாம் கெட்டால். டையிங்குக்கு 8, 12, 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு எண்ணை நாலால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் 78/6, அதாவது 13. "12-க்கு 13, இவ்வளவுதானா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எனக்கு அந்த 13-ஐ விட 22 தான் முக்கியம். 22 என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால், அது எதனால் வரும் என்று பேச முடிகிறது. பேசினால் பாதியைத் தடுத்துவிடலாம்.

நன்றாக நடந்தால் ஆகும் நாளையே எல்லோரும் திட்டமாகப் போடும் வழக்கத்துக்கு உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் ஒரு பெயரே வைத்தார்கள், திட்டமிடல் மாயை என்று தமிழில் சொல்லலாம். சிட்னி ஓபரா ஹவுஸ் 1963-ல் முடியும் என்று தொடங்கினார்கள், 1973-ல்தான் திறந்தார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்றது 10 கோடியே 20 லட்சம் ஆனது. கெட்டிக்காரர்கள் இல்லாமல் இல்லை அங்கே.

2 ஜூலை

ஷெட் கான்ட்ராக்டர் "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது" என்கிறாராம். எதில் தொண்ணூறு என்று கேளுங்கள். தையலில் இதை ஒழிக்க எனக்கு இரண்டு சீசன் ஆனது. கை பொருத்தியாச்சு, கீழே மடிப்பு பாக்கி, கழுத்து பாக்கி, ஆனால் தொண்ணூறு. பிறகு செக்கிங் டேபிளைத் தாண்டிய பீஸை மட்டும் எண்ணத் தொடங்கினேன். தாண்டாதது பூஜ்யம். முதல் வாரம் எண்ணைப் பார்த்து எல்லோருக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. பிறகு யாரும் சண்டை போடவில்லை.

உங்கள் ஷெட்டுக்கும் அப்படியே: மேல்கூரை போட்டாச்சா இல்லையா, தளம் மெஷின் எடையைத் தாங்கும் அளவுக்கு ஆறியாச்சா இல்லையா. ஆமாம், இல்லை, இரண்டே பதில்.

5 ஜூலை

"அப்படியே ஓரமா ஒரு எம்ப்ராய்டரி மெஷினும் போட்டுருவோம்" என்று ஓனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மறுக்காதீர்கள், தலையும் ஆட்டாதீர்கள். அன்றைக்கே ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள்: எம்ப்ராய்டரி வந்தால் மின் சுமை இவ்வளவு கூடும், அதனால் மின்வாரிய விண்ணப்பத்தைத் திருத்தணும், அதனால் இத்தனை நாள் தள்ளும், இவ்வளவு பணம். "அக்டோபர் வேணுமா, எம்ப்ராய்டரி வேணுமா, முடிவு உங்களுது" என்று கேளுங்கள். முதலாளிகள் இதற்குக் கோபப்படுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் ஒத்துக்கொண்டு அக்டோபரில் கையை விரித்தால்தான் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட.

6 ஜூலை

ஆள் கூட்டினால் வேகம் கூடுமா என்று கேள்வி. ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்றார். தையலுக்கு அது முழுதும் பொருந்தாது, வேலையைப் பங்கு போடலாம். ஆனால் பாதி ஆர்டரை வெளியே பவர்டேபிளுக்கு (கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட்) கொடுத்து, அளவு வேறு மாதிரி வந்து, எங்கள் ஆட்களே போய் உட்கார்ந்து சரி செய்த அனுபவம் உண்டு. பங்கு போட முடிகிற வேலையா, சொல்லிக் கொடுக்க எத்தனை நாள், இந்த இரண்டையும் பாருங்கள்.

16 ஜூலை

என்னென்ன கெட்டுப் போகலாம் என்று பட்டியல் போடுவதை நான் ரொம்ப நாள் அபசகுனமாக நினைத்தேன். 2011 ஜனவரி 28 அதை மாற்றியது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள். எங்கள் துணி பாதி உள்ளே, பாதி வெளியே. அந்த ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. வழக்கு பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது, செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது, எங்கள் டி.என்.ஏ. ஷீட்டில் மட்டும் ஒரு வரி கூட இல்லை. வேறு ஊரில் ஒரு டையிங் யூனிட்டில் முன்கூட்டியே ஒரு லாட் போட்டுப் பார்த்து வைத்திருந்தால்கூட மூச்சு விட்டிருக்கலாம்.

அதனால் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை சார்ட்டின் மூலையில் வைக்காதீர்கள். நிறுவ ஒரு அனுமதி, இயக்க ஒரு அனுமதி, இரண்டு கட்டம். மெஷின் இறக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் மெஷின் கவர் போட்டு நிற்கும்.

இன்னொன்று. ஆடி பிறக்கிறது. புதிதாகப் பூஜை போடுவது, அட்வான்ஸ் கொடுப்பது எல்லாம் பலர் ஒரு மாசம் தள்ளுவார்கள். தொடங்கிய வேலை நடக்கும், புது ஒப்பந்தம் நகராது. மறுபுறம், இந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 11. ஓனர் "முதல் வாரம்" என்றால் ஆயுத பூஜைக்குப் புது மெஷினுக்குப் பொட்டு வைக்கணும் என்று மனசில் வைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். அதைத் தவறவிட்டால் அக்டோபர் 31 தீபாவளி. போனஸ், ஊருக்குப் போவது, திரும்பி வராத ஆட்கள். எங்கள் லைன் முழுசாக நிரம்ப சில வருஷம் இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. உங்கள் ஒரு வாரத் தாமதம் ஒரு மாசமாக நீள வழி இருக்கிறது. எந்தச் சாஃப்ட்வேரும் இதைத் தானாகச் சொல்லாது.

17 ஜூலை

கேட்டாராம். ஆயுத பூஜைதானாம்.

30 ஜூலை

சான்றிதழ் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "வீண்" என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

பி.எம்.பி. அனுபவம் உள்ளவர்களுக்கு. டிகிரி இருந்தாலும் திட்டங்களை நடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். இப்போது உங்களுக்கு இல்லை அது. கீழ்நிலையில் சி.ஏ.பி.எம். என்று ஒன்று, அனுபவம் வேண்டாம், 23 மணி நேரப் பயிற்சி போதும். இரண்டையும் நடத்துவது 1969-ல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு. அவர்களுடைய வழிகாட்டியே 2017-ல் 49 செயல்முறைகளாக இருந்து 2021-ல் 12 கோட்பாடுகளாக மாறியது. மனப்பாடம் செய்தவர்கள் பாவம். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். வீடியோ பாடங்கள் இலவசம், ராத்திரி ஒன்று கேட்டால் போதும்.

மனசு மாறக் காரணம்: ஒரு ஐரோப்பிய பையரோடு பேசும்போது, லேபிள் கதையை நான் பத்து நிமிஷம் விளக்க வேண்டியிருந்தது. அவர்கள் பக்கத்துப் பெண் "ஃப்ளோட் தீர்ந்துவிட்டது" என்று ஒரு வார்த்தையில் முடித்தார். நான் ஓய்வு என்று எழுதுவதுதான் அது. பெயர் தெரிந்தால் தூரத்தில் இருப்பவரோடு சீக்கிரம் பேசலாம். அந்த அளவுக்குப் படிப்பு வேண்டும். ஆனால் யூனிட் ஓடிய பிறகு படியுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் ஷெட் தெரியும்.

19 ஆகஸ்ட்

சார்ட் படம் பார்த்தேன், தம்பி. நன்றாக வந்திருக்கிறது. மெஷின் சப்ளையர், ஷெட், எக்ஸ்போசிங் ரூம், பிரிண்டர் மாஸ்டர், எல்லாக் கட்டத்திலும் பெயரும் தேதியும் இருக்கிறது. இடது பக்கம் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் "மின் இணைப்பு – எஸ்டிமேட் வரணும்" என்று இருக்கிறது. யார் தரணும்? என்றைக்கு? அது இல்லாத கட்டம் அது ஒன்றுதான், அதிலிருந்து புறப்படுகிற அம்பு ஐந்து. நாளைக் காலையில் நேரில் போங்கள். போன் வேண்டாம். ஃபைல் யார் மேஜையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்து அந்தப் பெயரை எழுதுங்கள்.

21 ஆகஸ்ட்

போயிருக்கிறார். மின்வாரியத்தில், "நாங்க அனுப்பி பத்து நாளாச்சே, நீங்கதான் பணம் கட்டல" என்றிருக்கிறார்கள். கடிதம் பழைய யூனிட் முகவரிக்குப் போய், கேட்டில் செக்யூரிட்டி அண்ணனின் மேஜை டிராயரில் இருந்திருக்கிறது. யாராவது வந்து கேட்பார்கள் என்று பத்திரமாக வைத்திருந்தாராம்.

இன்று பணம் கட்டியாகிவிட்டது. அந்த ஐந்து அம்பையும் அழித்து, இன்றைய தேதியிலிருந்து புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு இன்னும் 51 நாள். படம் வந்ததும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.